ஸ்நாப்-25: நரம்பு முனையில் வேலை பார்க்கும் ஒரு புரதமும் அதன் ஆய்வக வடிவமும்

விரலை மடக்க நினைக்கிறோம், விரல் மடங்குகிறது. மூளையில் கிளம்பிய மின்துடிப்பு முதுகுத்தண்டு வழியாக இறங்கி, கைத்தசைக்குப் போகும் நரம்பின் கடைசி முனைக்கு வந்து சேர்கிறது. அங்கிருந்து தசைக்கு அது மின்சாரமாகவே தாவிவிட முடியாது, நடுவே ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியைக் கடப்பது அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள். நரம்பு முனைக்குள் அது சும்மா மிதந்துகொண்டிருப்பதில்லை. சுமார் 40 நானோமீட்டர் விட்டமுள்ள நுண்பைகளில், பை ஒன்றுக்குச் சில ஆயிரம் மூலக்கூறுகள் என்று அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது. மின்துடிப்பு வந்ததும் கால்சியம் உள்ளே பாய்கிறது. நுண்பையின் சவ்வும் செல்லின் வெளிச்சவ்வும் ஒன்றாகி, பைக்குள் இருந்தது வெளியே கொட்டுகிறது. கால்சியம் வந்து பை திறப்பதற்கு ஒரு மில்லிசெகண்டுகூட ஆவதில்லை.

இரண்டு சவ்வுகள் ஒன்றாவது அவ்வளவு சாதாரணமான காரியமில்லை. செல்சவ்வு என்பது கொழுப்பு மூலக்கூறுகளாலான ஈரடுக்குப் படலம். அதன் இரு பக்கங்களிலும் நீர் ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டு படலங்களை நெருக்கினால், அந்த நீர்ப்படிவை விலக்க ஆற்றல் தேவைப்படுவதால் அவை ஒன்றையொன்று தள்ளும். இந்தத் தள்ளல் இருப்பதால்தான் செல்லுக்குள் ஆயிரக்கணக்கான பைகள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தும் கண்டபடி கலந்துவிடாமல் தனித்தனியாக நிற்கின்றன. கலக்க வேண்டிய இடத்தில் மட்டும் யாராவது அவற்றைப் பிடித்து இழுத்துச் சேர்க்க வேண்டும். நரம்பு முனையில் அந்த வேலையைச் செய்யும் மூன்று புரதங்களில் ஒன்றுதான் ஸ்நாப்-25. மனித உடலில் இருக்கும் அதே புரதத்தைப் பாக்டீரியாவுக்குள் செய்து, தூய்மைப்படுத்தி, சின்னக் குப்பிகளில் அடைத்து ஆய்வகங்களில் பயன்படுத்துகிறார்கள். ‘மறுசேர்க்கை மனித ஸ்நாப்-25’ என்று லேபிளில் இருப்பது அதுதான். குப்பிக்குள் இருக்கும் புரதம் செல்லுக்குள் இருப்பதைப் போன்றதுதானா என்ற கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். இந்தத் துறைக்குள் புதிதாக வருபவர்கள் பலரும் அதைக் கேட்காமலே சோதனையைத் தொடங்கிவிடுகிறார்கள்.

செல்லுக்குள் ஓயாத போக்குவரத்து

செல்லுக்குள் புரதங்கள் ஓரிடத்தில் உருவாகி வேறோர் இடத்துக்குப் போகின்றன. வெளியே அனுப்ப வேண்டியவை எண்டோபிளாச வலைப்பின்னலில் உருவாகி, கோல்கை உறுப்புக்குப் போய், அங்கிருந்து பைகளில் ஏறி வெளிச்சவ்வை அடைகின்றன. இந்த வழியைக் காட்டித் தந்தவர்களில் முதன்மையானவர் ஜார்ஜ் பலாடே. 1974-இல் நோபல் பரிசு பெற்றவர். ஆனால் பைகள் எப்படிக் கிளம்புகின்றன, சரியான சவ்வை அடைந்து எப்படி ஒன்றாகின்றன என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

அதற்கான விடை இரண்டு திசைகளிலிருந்து வந்தது. ராண்டி ஷெக்மன் ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டைக் கையில் எடுத்தார். 1979-இல் பீட்டர் நோவிக்குடன் சேர்ந்து, வெளியே போக வேண்டிய புரதங்கள் உள்ளேயே தேங்கிப்போகும் ஈஸ்ட் வகைகளைத் தேடத் தொடங்கினார். அடுத்த வருடமே 23 மரபணுக்கள் பிடிபட்டன. ஒவ்வொன்று பழுதானாலும் போக்குவரத்தில் ஏதோ ஒரு கட்டம் நின்றுபோனது. ஜேம்ஸ் ராத்மன் வேறு வழியில் போனார். செல்லை உடைத்து, அதன் சாற்றைச் சோதனைக் குழாயில் வைத்து, போக்குவரத்தைச் செல்லுக்கு வெளியே நடத்திக் காட்டினார். அந்தக் குழாயிலிருந்து வேலை செய்யும் பொருட்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார். முதலில் கிடைத்தது என்.எஸ்.எஃப். என்ற புரதம். அதே புரதம் ஈஸ்ட்டில் ஷெக்மனின் பட்டியலிலும் இருந்தது தெரிந்தபோது, மனிதனுக்கும் ஈஸ்ட்டுக்கும் இந்த இயந்திரம் பொது என்பது உறுதியானது.

1993-இல் ராத்மனின் குழு செய்த ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. என்.எஸ்.எஃப்.-ஐயும் அதன் துணைப் புரதத்தையும் தூண்டில் இரையாக வைத்து, மாட்டு மூளையின் சாற்றை அதன்மேல் ஓடவிட்டார்கள். எதெல்லாம் வந்து ஒட்டுகிறது என்று பார்த்தார்கள். ஒட்டியவை சின்டாக்ஸின், சினாப்டோபிரெவின், ஸ்நாப்-25 ஆகிய மூன்றும். மூன்றுமே நரம்பு முனையில் இருப்பவை என்று ஏற்கனவே தெரிந்திருந்தது. ஸ்நாப்-25 1989-இலேயே விவரிக்கப்பட்டிருந்தது. எதற்காக இருக்கிறது என்பது மட்டும்தான் புரியாமல் இருந்தது. சினாப்டோபிரெவின் நுண்பையின் மேல் இருப்பது, மற்ற இரண்டும் வெளிச்சவ்வில் இருப்பவை. ஒன்றாக வேண்டிய இரண்டு சவ்வுகளிலிருந்தும் ஆட்கள் வந்து கைகோத்து நின்றதைப் பார்த்ததும், இணைப்பு எப்படி நடக்கும் என்ற கருத்து பிறந்துவிட்டது. இந்தப் புரதக் குடும்பத்துக்கு ஸ்னேர் என்று பெயர். கால்சியம் வந்ததும் பை திறப்பதன் நுட்பத்தை விளக்கியவர் தாமஸ் சூடாஃப். ராத்மன், ஷெக்மன், சூடாஃப் மூவருக்கும் 2013-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

நான்கு புரிகள்

ஸ்நாப்-25 சின்னப் புரதம்தான். 206 அமினோ அமிலங்கள், எடை சுமார் 23 கிலோடால்டன் (மூலக்கூறு எடைக்கான அலகு). தனியாக இருக்கும்போது அதற்கென்று உறுதியான வடிவம் கிடையாது, தளர்ந்த நூல்போலக் கிடக்கும். சின்டாக்ஸினும் சினாப்டோபிரெவினும் அருகில் வந்தால்தான் அது சுருள் வடிவம் எடுக்கும். சின்டாக்ஸின் ஒரு சுருள் தருகிறது, சினாப்டோபிரெவின் ஒரு சுருள் தருகிறது, ஸ்நாப்-25 மட்டும் இரண்டு தருகிறது. இந்த நான்கும் கயிறு திரிப்பதுபோல ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொள்கின்றன. முறுக்கு சவ்விலிருந்து தூரத்து முனையில் தொடங்கிச் சவ்வை நோக்கி வருவதால், முறுக்கு ஏற ஏறப் பை வெளிச்சவ்வை நோக்கி இழுபடுகிறது. சவ்வுகளுக்கு நடுவே இருந்த நீர் விலகுகிறது. 1998-இல் இந்த நான்கு சுருள் கட்டின் படிக அமைப்பு வெளியானபோது, கண்ணால் பார்க்கும்படியாகவே இது தெரிந்தது.

முறுக்கியதை அப்படியே விட்டால் அடுத்த முறைக்குப் புரதம் கிடைக்காது. அதை அவிழ்ப்பதுதான் முன்னே சொன்ன என்.எஸ்.எஃப்.-இன் வேலை. ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறைச் செலவழித்துக் கட்டைப் பிரித்துவிடுகிறது.

ஏன் பாக்டீரியாவில் செய்ய வேண்டும்?

மூளையிலிருந்தே எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். ஆரம்பத்தில் அப்படித்தான் செய்தார்கள். சிக்கல் என்னவென்றால், மூளைச் சாற்றில் ஸ்நாப்-25 தனியாக வராது, கூட்டாளிகளோடு பின்னிக்கொண்டு வரும். வேறு நூற்றுக்கணக்கான புரதங்களும் ஒட்டிக்கொண்டு வரும். ‘இந்த மூன்று புரதங்கள் போதுமா, நான்காவது ஒன்று வேண்டுமா?’ என்று கேட்பவருக்கு அந்தக் கலவையால் பதில் சொல்ல முடியாது. எதைப் போட்டோம், எதைப் போடவில்லை என்று சத்தியம் செய்து சொல்லக்கூடிய குழாய் வேண்டும். அதோடு, ஒரு அமினோ அமிலத்தை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டுமென்றால் மூளையில் அது முடியாத காரியம்.

மறுசேர்க்கை முறை இதைத் தீர்க்கிறது. வேண்டிய மரபணுவை பிளாஸ்மிட் என்ற வட்டவடிவ டிஎன்ஏவில் செருகி, அதை ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் புகுத்துகிறார்கள். 1973-இல் ஸ்டான்லி கோஹனும் ஹெர்பர்ட் பாயரும் நிறுவிய வழி இது. மனித இன்சுலினை இதே வழியில் செய்து, 1982-இல் மருந்தாக அனுமதியும் வாங்கிவிட்டார்கள். ஸ்நாப்-25-க்கும் அடிப்படை அதேதான், ஒரு கவனத்தோடு. மனித மரபணுவின் நடுநடுவே புரதமாக மாறாத துண்டுகள் இருக்கும். மனிதச் செல் அவற்றை வெட்டி ஒட்டிக்கொள்ளும், பாக்டீரியாவுக்கு அது தெரியாது. அதனால் ஏற்கனவே வெட்டி ஒட்டப்பட்ட தூதுவர் ஆர்என்ஏவிலிருந்து திருப்பி எழுதிய டிஎன்ஏவையோ, இயந்திரத்தில் நேரடியாகக் கோத்த டிஎன்ஏவையோதான் செருக வேண்டும்.

இங்கே இன்னொரு விஷயம். மனித உடலே இந்த மரபணுவை இரண்டு விதமாக வெட்டி ஒட்டுகிறது. அதனால் ஏ, பி என்று இரண்டு வடிவங்கள். இரண்டுக்கும் 9 அமினோ அமிலங்கள்தான் வித்தியாசம். வளர்ந்த மூளையில் அதிகம் இருப்பது பி. கையில் இருக்கும் குப்பி எந்த வடிவம் என்று பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

மேசைமேல் நடப்பது

புரதத்தின் ஒரு முனையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் ஆறைச் சேர்த்துவிடுவது வழக்கம். ஹிஸ்டிடின் நிக்கல் அயனியோடு ஒட்டிக்கொள்ளும். இதற்கு ஹிஸ்-டேக் என்று பெயர். ஈ. கோலையை 37 டிகிரியில் குலுக்கி வளர்த்து, குழம்பு ஓரளவு கலங்கியதும் ஐ.பி.டி.ஜி. என்ற வேதிப்பொருளைச் சேர்த்தால், பாக்டீரியா மற்ற வேலைகளைக் குறைத்துக்கொண்டு ஸ்நாப்-25-ஐச் செய்யத் தொடங்கும். சில மணி நேரம் கழித்து மையவிலக்கியில் சுழற்றிச் செல்களை அடியில் படியவைத்து, பனிக்கட்டிமேல் வைத்தபடியே ஒலியலையால் உடைக்க வேண்டும். குழகுழவென்றிருக்கும் அந்தச் சாற்றை மீண்டும் சுழற்றினால் மேலே தெளிவு நிற்கும். ஸ்நாப்-25 பெரும்பாலும் அந்தத் தெளிவில்தான் இருக்கும்.

தெளிவை நிக்கல் மணிகள் நிரப்பிய குழாயில் விட்டால் ஹிஸ்-டேக் உள்ள புரதம் ஒட்டும், மற்றவை வழிந்தோடும். இமிடசோல் என்ற சேர்மத்தைக் கொஞ்சமாகச் சேர்த்த கரைசலால் முதலில் கழுவுகிறோம், அரைகுறையாக ஒட்டியவை போய்விடும். பிறகு இமிடசோல் அளவைக் கூட்டினால், அது ஹிஸ்டிடினின் இடத்தைப் பிடித்துக்கொள்ள, நமக்கு வேண்டிய புரதம் கழன்று வரும். வந்ததை, புரதங்களை அளவு வாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டி, கூமாஸி நீலச் சாயத்தில் ஊறவைத்து, வெளுத்துப் பார்க்கும்போது, தூய்மைப்படுத்தாத சாறு ஓடிய முதல் வரிசையில் ஏணிப்படிபோல எண்ணற்ற கோடுகள், கடைசி வரிசையில் 25 கிலோடால்டன் அருகே தடித்த ஒரே நீலக்கோடு. புரதம் தூய்மையாக இருக்கிறது என்பதற்கு முதல் சாட்சி அந்தக் கோடு.

தூய்மை வேறு, வேலை செய்வது வேறு. ஸ்நாப்-25-க்கு அதைப் பார்க்க அழகான ஒரு வழி இருக்கிறது. சவ்வில் புதையும் வால்பகுதி நீக்கிய சின்டாக்ஸினையும் சினாப்டோபிரெவினையும் ஸ்நாப்-25-உடன் கலந்து சில மணி நேரம் வைக்க வேண்டும். பிறகு ஜெல்லுக்கான சோப்புக் கரைசலான எஸ்.டி.எஸ். சேர்த்து, பாதியைக் கொதிக்கவைத்தும், மீதியைக் கொதிக்கவைக்காமலும் அடுத்தடுத்த வரிசைகளில் ஓட்ட வேண்டும். சாதாரணமாக எஸ்.டி.எஸ். பட்டால் புரதக் கூட்டணிகள் கலைந்துவிடும். இந்த நான்கு சுருள் கட்டு கலையாது. கொதிக்கவைக்காத வரிசையில் மூன்றும் சேர்ந்த பெரிய கோடு மேலே நிற்கும். கொதிக்கவைத்த வரிசையில் அது காணாமல் போய், கீழே மூன்று தனிக் கோடுகள் இருக்கும். முறுக்கு எவ்வளவு பலமானது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனை எனக்குத் தெரிந்து இல்லை. மாணவர்களுக்கு இந்தத் துறையை அறிமுகப்படுத்த நினைப்பவர்கள் இதில் தொடங்கலாம்.

குப்பியில் இல்லாதவை

ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். அமினோ அமில வரிசையில் குப்பிப் புரதம் மனிதப் புரதமேதான், டேக் ஒன்றுதான் கூடுதல். ஆனால் நரம்புச் செல்லில் ஸ்நாப்-25-இன் நடுப்பகுதியில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் நெருக்கமாக நான்கு இடங்களில் இருக்கிறது. செல் அவற்றின்மேல் பால்மிடிக் அமிலம் என்ற கொழுப்பை ஒட்டிவிடுகிறது. சின்டாக்ஸினைப் போலச் சவ்வுக்குள் புதையும் வால் ஸ்நாப்-25-க்குக் கிடையாது. அந்தக் கொழுப்புத்தான் அதைச் சவ்வோடு பிடித்துவைக்கிறது. ஈ. கோலை அதை ஒட்டாது. அதனால்தான் குப்பிப் புரதம் நீரில் சுலபமாகக் கரைகிறது, தூய்மைப்படுத்துவதும் எளிதாக இருக்கிறது. நமக்கு வசதியாக இருக்கும் இதே காரணத்தால் அது செல்லில் இருப்பதைப் போலச் சவ்வில் ஒட்டி நிற்பதில்லை. சவ்வில் ஒட்டுவதையே ஆராய வருபவருக்கு இந்தக் குப்பி உதவாது.

கொழுப்பு இல்லாத அந்தச் சிஸ்டீன்கள் இன்னொரு தொல்லையும் தரும். காற்றுப்பட்டால் ஒன்றோடொன்று கந்தகப் பிணைப்புப் போட்டுக்கொண்டு புரதங்கள் கட்டியாகும். டி.டி.டி. (டைதயோத்ரெய்டால்) போன்ற, அந்தப் பிணைப்பைப் பிரிக்கும் ஒடுக்கியைக் கரைசலில் சேர்ப்பது இதற்காகத்தான். சில ஆய்வகங்கள் சிஸ்டீன்களையே வேறு அமினோ அமிலங்களாக மாற்றிவிடுகின்றன. வாங்கியது இயல்பான வரிசையா, மாற்றியதா என்று விவரத்தாளில் இருக்கும்.

துணைப் புரதங்களும் குப்பியில் இல்லை. 1998-இல் ராத்மனின் குழு வெறும் கொழுப்புக் குமிழிகளில் இந்த மூன்று புரதங்களை மட்டும் வைத்து, குமிழிகள் ஒன்றாவதைக் காட்டியது. பெரிய சாதனைதான், ஆனால் நரம்பு முனை மில்லிசெகண்டுக்குள் முடிக்கும் வேலைக்கு அந்தக் குமிழிகள் பல நிமிடங்கள் எடுத்துக்கொண்டன. ஒரு காரணம் சோதனைக் குழாயிலேயே தெரியும். சின்டாக்ஸினும் ஸ்நாப்-25-உம் மட்டும் இருந்தால், ஒரு ஸ்நாப்-25-உடன் இரண்டு சின்டாக்ஸின்கள் ஒட்டிக்கொண்டு, சினாப்டோபிரெவின் உட்கார வேண்டிய இடத்தை அடைத்துவிடும். செல்லில் மங்க்18, மங்க்13 போன்ற புரதங்கள் வழிநடத்துவதால் இந்தத் தவறான ஜோடி சேர்வது குறைகிறது. ஆகவே குழாயில் இணைப்பு மெதுவாக நடந்தால் ‘புரதம் கெட்டுவிட்டது’ என்று உடனே முடிவுகட்ட வேண்டாம்.

நஞ்சு வெட்டும் இடம்

ஸ்நாப்-25 எவ்வளவு முக்கியம் என்பதற்கு இயற்கையே ஒரு சாட்சி வைத்திருக்கிறது. சரியாகப் பதப்படுத்தாத உணவில் வளரும் ஒரு பாக்டீரியா சுரக்கும் பாட்யுலினம் நஞ்சு, நமக்குத் தெரிந்த நஞ்சுகளிலேயே மிகக் கொடியது. தசைகள் தளர்ந்து, மூச்சு விடும் தசையும் நின்றுபோகும். அந்த நஞ்சு புரதத்தை வெட்டும் ஒரு நொதி என்பதும், அதன் ஏ வகை வெட்டுவது ஸ்நாப்-25-ஐத்தான் என்பதும் 1992-93-இல் தெரியவந்தன. வெட்டும் இடம் 197-க்கும் 198-க்கும் நடுவே. 206-இல் கடைசி 9 அமினோ அமிலங்கள் மட்டும் போகின்றன. அவ்வளவு சின்னத் துண்டு போனதற்கே நரம்பு முனை சமிக்ஞை அனுப்பத் திணறுகிறது. முறுக்கு சவ்வருகே இறுகி முடியும் இடம் அதுதான் என்பதால் இது புரிந்துகொள்ளக்கூடியதே. ஈ வகை நஞ்சு 26 அமினோ அமிலங்களை வெட்டுகிறது. காயம் பட்டால் டி.டி. ஊசி போடுகிறோமே, அந்த டெட்டனஸ் நஞ்சும் இதே குடும்பம். அது வெட்டுவது சினாப்டோபிரெவினை.

ஏ வகை நஞ்சை மிகச் சிறிய அளவில் மருந்தாகவும் பயன்படுத்துகிறார்கள். போடாக்ஸ் என்பது அதுதான். கழுத்துத் தசை இழுத்துக்கொள்வது, கண்ணிமை தானாக மூடிக்கொள்வது போன்ற பிரச்சினைகளுக்கும் அது மருந்து. ஒவ்வொரு தொகுதியின் வீரியத்தையும் அளந்தாக வேண்டும். பல வருடங்கள் இதற்கு எலிகளில் ஏற்றி, பாதி எலிகள் சாகும் அளவைக் கணக்கிட்டார்கள். எலிகளுக்கு வேதனை, ஆய்வகத்துக்கு நாள் கணக்கில் காத்திருப்பு. மறுசேர்க்கை ஸ்நாப்-25 அங்கே வேறு வழி திறந்தது. குழாயில் புரதத்தை வைத்து, மாதிரியைச் சேர்த்து, எவ்வளவு வெட்டுப்பட்டது என்று அளக்கலாம். ஜெல்லில் ஈ வகையின் வெட்டு தெளிவாகக் கீழே இறங்கித் தெரியும். ஏ வகையில் போவது 9 அமினோ அமிலங்கள் மட்டும் என்பதால் கோடு மயிரிழை அளவே நகரும். அதனால் வெட்டுப்பட்ட முனையை மட்டும் அடையாளம் காணும் எதிர்ப்பொருள்களைப் பயன்படுத்துகிறார்கள், அல்லது ஒளிரும் மூலக்கூறுகளை இரு முனைகளிலும் பொருத்தி, வெட்டுப்பட்டதும் ஒளி மாறுவதை அளக்கிறார்கள். நொதி மட்டும் வேலை செய்தால் போதாது, நஞ்சு செல்லுக்குள் நுழையவும் வேண்டும் என்பதால் வளர்ப்புச் செல்களில் ஸ்நாப்-25 வெட்டுப்படுவதைப் பார்க்கும் முறையும் உருவானது. 2011-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அப்படிப்பட்ட ஒரு முறைக்கு அனுமதி தந்தது. ஒரு சின்னப் புரதத்தின் 9 அமினோ அமிலங்களைப் பற்றிய அறிவு எத்தனையோ எலிகளின் உயிரைக் காப்பாற்றுகிறது என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

குப்பி கைக்கு வந்ததும்

இது ஆராய்ச்சிக்கு மட்டுமானது, மருந்தல்ல, யாருக்கும் ஏற்றக்கூடாது. வந்ததும் பனிக்கட்டிமேல் உருகவைத்து, ஒருமுறைக்கு வேண்டிய அளவாகச் சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து, மைனஸ் 80 டிகிரியில் வைத்துவிட வேண்டும். திரும்பத் திரும்ப உறைய வைத்து உருக்கினால் புரதம் கட்டியாகும். கணக்கையும் அப்போதே போட்டுவிடலாம். டேக்கோடு எடை 25 கிலோடால்டன் என்று வைத்தால், மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் என்பது 40 மைக்ரோமோலார். 100 மைக்ரோகிராம் குப்பியில் 4 நானோமோல் புரதம். ஸ்னேர் கட்டில் மூன்று புரதங்களும் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் சேர்வதால், எடையை வைத்துக் கலக்காமல் மோல் கணக்கில், அதாவது மூலக்கூறு எண்ணிக்கையை வைத்துக் கலக்க வேண்டும். வளர்ப்புச் செல்களின்மேல் ஊற்றப் போகிறீர்கள் என்றால் எண்டோடாக்ஸின் அளவையும் பாருங்கள். ஈ. கோலையின் உறையிலிருந்து வரும் அந்தப் பொருள் புரதத்தோடு கொஞ்சம் ஒட்டி வந்தாலும் செல்கள் அதற்கு எதிர்வினை காட்டும், நீங்கள் அது ஸ்நாப்-25-இன் விளைவு என்று எண்ணிக்கொள்வீர்கள்.

இப்போது இந்தப் புரதத்துக்கு வந்திருக்கும் புது வேலை மருத்துவமனையிலிருந்து வருகிறது. சில குழந்தைகளுக்குச் சிறு வயதிலேயே கடுமையான வலிப்பும் வளர்ச்சித் தாமதமும் இருக்கும். மரபணுவைப் படித்துப் பார்த்தால், பெற்றோர் இருவரிடமும் இல்லாத ஒரு புது எழுத்து மாற்றம் ஸ்நாப்-25 மரபணுவில் தெரியும். அந்த மாற்றம்தான் காரணமா, எப்படிக் கெடுக்கிறது என்று மருத்துவருக்குத் தெரிய வேண்டும். அதே மாற்றத்தைப் பிளாஸ்மிட்டில் எழுதி, ஈ. கோலையில் புரதத்தைச் செய்து, முறுக்கு ஏறுகிறதா, எவ்வளவு சூட்டில் அவிழ்கிறது, குமிழிகளை ஒன்றாக்குகிறதா என்று இயல்பான புரதத்தோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறார்கள். சில மாற்றங்கள் கட்டைத் தளர்த்துகின்றன. வேறு சில, கட்டைத் தொடாமல் கால்சியத்தை உணரும் புரதத்தோடு ஸ்நாப்-25 பேசும் பகுதியைக் கெடுக்கின்றன. இரண்டுக்கும் ஒரே மருந்து உதவாது என்பதால், எது எந்த வகை என்று பிரித்தறிவதுதான் அங்கே முதல் படி.